போர்ப் படங்களில் சாதாரணச் சிப்பாய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1944 ஜூன், பிரான்சின் நார்மண்டிக் கடற்கரை. தலைக்கு மேலே இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் சீறுகின்றன. முள்கம்பிக்கு இந்தப் பக்கம் மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கும் அமெரிக்க வீரர்கள் ‘பாங்களூர்’ வேண்டும் என்று கத்துகிறார்கள். ‘சேவிங் பிரைவேட் ரயன்’ (1998) பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது.

அது நம்ம பெங்களூர்தான். வெடிமருந்து அடைத்த குழாய்களை ஒன்றோடொன்று செருகி நீளமாக்கி, முள்கம்பிக்கு அடியில் தள்ளி வெடிக்கவைக்கும் கருவி அது. 1912-இல் அதை உருவாக்கிய கேப்டன் மெக்லின்டாக், பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது எல்லாம் சாப்பர்களின் வேலை. அந்தப் படையின் சிப்பாய்கள் தென்னிந்தியர்கள். இன்றும் ராணுவத்தில் அவர்களுக்குச் செல்லப்பெயர் ‘தம்பி’.

இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஓர் ஆசை வந்தது. அந்தக் கடற்கரையில் ஒரு தம்பியையும் காட்டியிருக்கலாமே! யோசித்துப் பார்த்தால் அது தப்பான ஆசை. ஒமாஹா என்று பெயரிட்ட அந்தக் கரைப்பகுதியில் இறங்கியது அமெரிக்கப் படை. மெட்ராஸ் சாப்பர்ஸ் அந்தச் சமயத்தில் இத்தாலியிலும் பர்மா எல்லையிலும் இருந்தார்கள். அவர்களை ஒமாஹாவில் கொண்டுவந்து நிறுத்தினால், அவர்கள் உண்மையில் செத்துப் பிழைத்த இடங்கள் மறைந்துபோகும். அதே கடற்கரையில் உண்மையாகவே இருந்த வேறு சிலர் அந்தப் படத்தில் இல்லை. 320-வது பலூன் பட்டாலியன் முழுக்கக் கறுப்பின வீரர்களால் ஆனது. விமானங்கள் தாழப் பறந்து தாக்காதபடி கம்பி கட்டிய பலூன்களை மேலே ஏற்றி நிறுத்துவது அவர்கள் வேலை. படையெடுப்பு நாளிலேயே கரையில் இறங்கியவர்கள்.

போர்ப் படத்தில் யாரைக் காட்டுவது என்ற கேள்விக்கு முகங்களை எண்ணிப் பதில் சொல்ல முடியாது. அவர் எந்தப் படையில் இருந்தார், என்ன வேலை செய்தார், யாரோடு உட்கார்ந்து சாப்பிட முடிந்தது, யாரோடு முடியவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கேமராவை எங்கே வைப்பது என்று பேசலாம். குறும்படத்துக்குக் கதை எழுதும் நண்பர்கள் சிலர் எனக்கு ஸ்கிரிப்ட் அனுப்புவார்கள். போர்க்கதை என்றால் அநேகமாக ஒரே மாதிரியான தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரிய படங்களிலும் அவைதான்.

அங்கே வேறு யாரும் இல்லை என்று நம்பிவிடுவது

1940-இல் பிரான்சின் டன்கிர்க் கடற்கரையில் ஜெர்மானியரிடம் சிக்கிய நேச நாட்டுப் படைகளைக் கடல்வழியாக மீட்ட கதை ‘டன்கிர்க்’ (2017). அது வந்தபோது இந்தியாவிலும் இங்கிலாந்திலும் ஒரு விவாதம் எழுந்தது. அந்தக் கரையில் இந்தியர்களும் இருந்தார்களே, எங்கே அவர்கள்?

1939 டிசம்பரில் பம்பாயிலிருந்து நான்கு கோவேறு கழுதைக் கம்பெனிகள் கப்பல் ஏறி பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. பிரிட்டிஷ் ராணுவம் அதற்குள் முழுக்க மோட்டார் வண்டிகளுக்கு மாறியிருந்தது. பனியிலும் சேற்றிலும் லாரி சிக்கிக்கொண்டால் சுமை தூக்க விலங்குகள் வேண்டும், அவற்றைப் பழக்க ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் இந்தியாவில்தான் இருந்தார்கள். பெரும்பாலும் பஞ்சாபி முஸ்லிம்கள். 1940 மே மாதம் எல்லாம் சரிந்தபோது ஒரு கம்பெனி ஜெர்மானியரிடம் சிறைப்பட்டது. மற்றவர்கள் சிலர் டன்கிர்க் வழியாகவும், சிலர் வேறு துறைமுகம் வழியாகவும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். கூடவே வந்த விலங்குகளை பிரான்சிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டியிருந்தது. மாதக்கணக்கில் தீனி போட்டு, குளம்பு பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்ட விலங்கை அவிழ்த்துவிட்டு நடக்கும் ஒரு மனிதனை யோசித்துப் பாருங்கள். அது அந்தப் போரின் ஒரு காட்சி.

இங்கே நியாயமாகவும் பேசவேண்டும். டன்கிர்க்கிலிருந்து மீட்கப்பட்டவர்கள் 3,38,226 பேர். அதில் இந்தியர்கள் சில நூறு பேர்தான். ஒரு படம் அவர்களைக் காட்டவில்லை என்பதாலேயே அது பொய்ப் படம் ஆகிவிடாது. என் வருத்தம் வேறு. ஆயிரக்கணக்கானோர் மணலில் வரிசையில் நிற்பதுதான் அந்தப் படத்தின் உயிரான காட்சி. அந்த வரிசையில் ஒரு மூலையில் நான்கு பேரை நிறுத்தியிருந்தால் கதை கொஞ்சமும் கலைந்திருக்காது, வரலாறும் கூடுதலாகப் பதிவாகியிருக்கும்.

இதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. 1945-இல் வந்த ‘அப்ஜெக்டிவ், பர்மா!’ என்ற ஹாலிவுட் படம், பர்மாப் போரை எர்ரோல் ஃப்ளின்னும் அமெரிக்க வீரர்களும் நடத்தியதுபோலக் காட்டியது. பிரிட்டனில் கோபம் கொதித்தது. ஒரே வாரத்தில் படத்தைத் திரையிலிருந்து எடுத்தார்கள். 1952 வரை அங்கே திரும்ப வெளியிடவில்லை. பர்மாவில் ஜப்பானியரோடு உண்மையில் சண்டையிட்டது பிரிட்டனின் பதினான்காவது ராணுவம். பத்து லட்சத்தை நெருங்கிய அந்தப் படையில் பெரும்பான்மை இந்தியர்கள். கூர்க்காக்களும், கிழக்கு, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த டிவிஷன்களும் அதில் இருந்தன. ஆனால் அன்று லண்டனில் எழுந்த குரல் எங்கள் பையன்களை மறைத்துவிட்டார்கள் என்றுதான் கேட்டது. விடுபட்டவர்களுக்காகப் பேசும்போதே இன்னும் அதிகம் பேர் விடுபடுவார்கள். ஸ்கிரிப்ட் எழுதுபவர் இந்த இடத்தில் கவனமாக இருக்கவேண்டும்.

ஒரு முகத்தைத் தூவிவிட்டு நகர்வது

இதுதான் இப்போது அதிகம் நடக்கும் தவறு, நல்ல எண்ணத்தோடு நடப்பது. அதனால்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும்.

‘1917’ (2019) படத்தில், சேற்றில் போகும் ஒரு லாரியில் பிரிட்டிஷ் வீரர்களுக்கு நடுவில் ஒரு சீக்கியச் சிப்பாய் உட்கார்ந்திருப்பார். இது வலிந்து திணித்தது என்று ஒரு பிரிட்டிஷ் நடிகர் சொல்லப்போக, பெரிய சர்ச்சையாகி, பிறகு மன்னிப்பும் கேட்டார். அவர் சொன்னது தவறு என்பதில் சந்தேகமே இல்லை. முதல் உலகப் போரில் கடல் கடந்து போன இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் 74,000-க்கும் மேல். பிரான்சில் நவ் ஷாப்பெல் நினைவிடத்தில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த மண்ணில் ஒரு சீக்கியருக்கு என்ன வேலை என்று கேட்பவர் அந்தச் சுவரைப் போய்ப் பார்க்கவேண்டும்.

சரி, அப்படியானால் அந்தக் காட்சி சரியா? எனக்கு முழுத் திருப்தி இல்லை. இந்தியக் காலாட்படை டிவிஷன்கள் 1915 முடிவிலேயே பிரான்சை விட்டு மெசப்பொட்டேமியாவுக்கு (இன்றைய இராக்) போய்விட்டன. 1917-இல் அங்கே இருந்தவை இந்தியக் குதிரைப்படை ரெஜிமென்ட்கள். அப்புறம் அந்த ஆண்டு வந்து சேர்ந்த தொழிலாளர் கம்பெனிகள். இந்தியர்கள் இந்தியப் படைப்பிரிவில், இந்திய ஹவில்தாருக்கும் சுபேதாருக்கும் கீழே இருந்தார்கள். பிரிட்டிஷ் காலாட்படை லாரியில் தனியாக ஒருவர் வந்திருக்கவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன், போரில் வழி தவறுபவர்கள் உண்டு. ஆனால் படம் அவர் ஏன் தனியாக வந்தார் என்று கேட்கவில்லை. அவரோடு வந்தவர்கள் எங்கே போனார்கள் என்றும் கேட்கவில்லை.

அந்த லாரிக்குப் பதில், ஜெர்மானியர் விட்டுப்போன வெற்று நிலத்தில் ஒரு இந்தியக் குதிரைப்படை வரிசை எதிரே கடந்துபோகிறது என்று வையுங்கள். குளம்புச் சத்தம், புரியாத மொழியில் பேச்சு, ஒருவர் மட்டும் திரும்பிப் பார்க்கிறார். இருபது நொடிதான் ஆகும். வரலாறும் சரியாக இருக்கும், பார்ப்பவருக்கும் இங்கே இன்னொரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது என்று உறைக்கும்.

இன்னொரு விஷயம். இந்தியச் சிப்பாய் என்றாலே தலைப்பாகை கட்டிய சீக்கியர் என்று ஆகிவிட்டது. கார்வாலிகள், டோக்ராக்கள், பஞ்சாபி முஸ்லிம்கள், பட்டாண்கள் எல்லாரும் அந்தப் பதுங்குகுழிகளில் இருந்தார்கள். இந்தியச் சிப்பாய்களில் முதலில் பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற குதாதாத் கான் ஒரு பஞ்சாபி முஸ்லிம். கேமராவுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவேண்டும் என்பதற்காகத் தலைப்பாகையைத் தேடுவது சோம்பல்.

நம் நாட்டுப் படங்கள் மட்டும் என்ன? ஒரு பிளட்டூன் என்றால் பாட்டுப் பாடும் சீக்கியர் ஒருவர், தேசபக்தியை நிரூபித்துக் காட்டவேண்டிய முஸ்லிம் ஒருவர், உச்சரிப்பால் சிரிக்கவைக்கும் ‘மதராஸி’ ஒருவர். மூன்று பேருக்கும் ஊர்ப்பெயர்கூட இருக்காது. எல்லா மாநிலமும் வந்துவிட்டது என்று கணக்குக் காட்டலாம், மனிதர்கள் வரவில்லை.

ராணுவத்துக்குள் இருந்த பிரிவினையை மறைப்பது

‘படான்’ (1943) என்ற ஹாலிவுட் படத்தில் வெள்ளையரோடு தோளோடு தோள் நின்று சண்டையிடும் ஒரு கறுப்பின வீரர் வருகிறார். அந்தக் காலத்தில் அது துணிச்சல்தான். ஆனால் உண்மையான அமெரிக்க ராணுவத்தில் அன்று கறுப்பினத்தவருக்குத் தனிப் படைப்பிரிவு. அதிபர் ட்ரூமன் 1948 ஜூலையில் ஆணை போட்ட பிறகுதான் அது மாறத் தொடங்கியது. திரையில் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்தால், ஒன்றாக உட்காரவிடாத சட்டம் தப்பித்துக்கொள்கிறது.

இதைச் சரியாகச் செய்த படம் என்று நான் எல்லாருக்கும் சொல்வது பிரெஞ்சுப் படமான ‘இன்டிஜென்’ (2006). பிரான்சுக்காகச் சண்டையிட்ட வட ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் கதை. கப்பலில் சாப்பாட்டு வரிசை. தட்டோடு நிற்கும் ஆப்பிரிக்க வீரருக்குத் தக்காளி கிடையாது என்கிறார்கள். தக்காளி பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டும். ஒரு கார்ப்பரல் முன்னால் வருகிறார். பெட்டியிலிருந்த தக்காளிகளைத் தரையில் கொட்டிக் காலால் மிதிக்கிறார். எல்லாருக்கும் இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். பீரங்கியும் ரத்தமும் வரும் காட்சிகளைவிட இதுதான் எனக்கு அந்தப் படத்தில் ஒட்டிக்கொண்டது.

அந்தப் படத்துக்கு ஒரு பின்கதையும் உண்டு. பிரான்ஸ் தன் பழைய காலனி நாட்டு வீரர்களின் ஓய்வூதியத்தை 1959-இல் உயர்த்தாமல் அப்படியே நிறுத்திவிட்டது. படத்தைப் பார்த்த பிறகு அதிபர் சிராக் அதைப் பிரெஞ்சு வீரர்களுக்கு இணையாக உயர்த்த முடிவெடுத்தார். அதற்குள் பல பேர் செத்துப்போயிருந்தார்கள்.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தைப் பற்றி எழுதுபவருக்கும் இப்படிப்பட்ட தக்காளிகள் நிறையக் கிடைக்கும். சம்பளம் வேறு, ரேஷன் வேறு. பல யூனிட்டுகளில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிச் சமையல். பிறகு சாதி. அதைத்தான் நம் படங்கள் தொடவே மாட்டேன் என்கின்றன. எந்தச் சாதி ‘போர்க்குணம்’ உள்ளது, எது இல்லாதது என்று ஆங்கிலேயர் பட்டியல் போட்டு ஆள் எடுத்தார்கள். அந்தக் கணக்கில் தென்னிந்தியர் லாயக்கில்லை என்று மெட்ராஸ் காலாட்படையையே கலைத்துவிட்டு, இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் திரும்ப எழுப்பினார்கள். 1943-இல், வட இந்தியாவில் தீண்டாமைக்கு ஆளான சமார் சாதியினரைக் கொண்டு சமார் ரெஜிமென்ட் என்று ஒன்றை உருவாக்கினார்கள். அவர்கள் பர்மா எல்லையை ஒட்டிய போர்க்களமான கொஹிமாவரை போனார்கள். போர் முடிந்ததும் 1946-இல் கலைத்துவிட்டார்கள். தேவைப்பட்டபோது வீரர்கள், தேவை தீர்ந்ததும் பழைய தெரு. இதைச் சொல்லாமல் ஒரு பர்மாப் படம் எடுத்தால் அது பாதிப் படம்தான்.

வேறொருவர் கண் வழியாகவே பார்ப்பது

‘குளோரி’ (1989) எனக்குப் பிடித்த படம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பினத்தவர் சேர்ந்த 54-வது மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட்டின் கதை. ஆனாலும் கதையைச் சொல்வது வெள்ளைக்காரக் கர்னல் தன் வீட்டுக்கு எழுதும் கடிதங்கள். அந்த ரெஜிமென்ட்டில் பெரும்பாலோர் வடக்கில் சுதந்திரமாக வாழ்ந்தவர்கள், படித்தவர்களும் பலர். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினத் தலைவர் பிரடெரிக் டக்ளஸின் இரண்டு மகன்கள் அதில் சேர்ந்தார்கள். படமோ பெரும்பாலோரை அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்களாகக் காட்டுகிறது. கடிதம் எழுதத் தெரிந்த கறுப்பின வீரர்கள் அந்தப் படையிலேயே இருக்கும்போது, எழுதும் கை ஏன் கர்னலுடையதாக மட்டும் இருக்கவேண்டும்?

‘விண்ட்டாக்கர்ஸ்’ (2002) விஷயமும் இதுதான். நவஹோ மொழியில் ரகசியச் செய்தி அனுப்பிய வீரர்களைப் பற்றிய படம் என்று போய் உட்கார்ந்தால், அவர்களில் ஒருவருக்குக் காவலாக வரும் வெள்ளை சார்ஜென்ட்டின் மனவேதனைதான் நடுவில் நிற்கிறது.

கடிதம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். முதல் உலகப் போரில் பிரான்சிலிருந்து இந்தியச் சிப்பாய்கள் ஊருக்கு அனுப்பிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்துப் பதிவு செய்தார்கள். எழுதத் தெரியாத பலர் சொல்லிச்சொல்லி எழுதவைத்தார்கள். தணிக்கைக்குத் தப்ப அவர்கள் கண்ட வழி அபாரமானது. இந்தியர்களைக் கருமிளகு என்றும் வெள்ளையரைச் செம்மிளகு என்றும் குறிப்பிட்டு, எது தீர்ந்துபோகிறது, எது இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று எழுதினார்கள். வீட்டில் படிப்பவருக்கு விளங்கிவிடும். தன் சாவைப் பலசரக்குக் கணக்குப்போல எழுதிய அந்த மனிதனைவிட நல்ல கதைசொல்லி எந்தப் படத்துக்கு வேண்டும்?

மொழியும் இதோடு சேர்ந்ததுதான். சிப்பாய்கள் தங்களுக்குள் பேசும்போது தங்கள் மொழியில் பேசட்டும். பிரிட்டிஷ் அதிகாரிகள் உருது படித்துத் தேர்வு எழுதவேண்டியிருந்தது. அந்த அரைகுறை உருதுவே ஒரு காட்சிக்குப் போதும்.

துப்பாக்கி பிடித்தவன் மட்டுமே சிப்பாய் என்று எண்ணுவது

நார்மண்டிக்குப் பிறகு அமெரிக்கப் படைகளுக்கு எண்ணெயும் குண்டும் கொண்டுபோன லாரி ஓட்டுநர்களில் சுமார் முக்கால் பங்கு கறுப்பினத்தவர்கள். அவர்கள் வண்டி நின்றிருந்தால் டாங்கிகள் நின்றிருக்கும். சமையல்காரர், ஸ்ட்ரெச்சர் தூக்குபவர், சாலை போடுபவர் எல்லாரும் போரில்தான் இருந்தார்கள். தாழ்த்தி வைக்கப்பட்டவர்களை ராணுவங்கள் பெரும்பாலும் இந்த வேலைகளில்தான் போட்டன. கேமரா முன்வரிசையை விட்டு நகராதவரை அவர்கள் சட்டகத்துக்குள் வரவே மாட்டார்கள்.

1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ. செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன், கண்ணிவெடி அகற்றும் குழுவோடு இருந்தார். ஒரு கண்ணிவெடி மிதிபட்டது. வெடிக்கப்போகிறது என்று தெரிந்ததும் கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன் மேலேயே விழுந்தார். இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீர விருது கொடுத்தார்கள். எதிரியைச் சுட்டு வீழ்த்தும் காட்சி எதுவும் இந்தக் கதையில் இல்லை.

‘பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ (1957) இலங்கையில் கித்துல்கலவில், களனி ஆற்றின் மேல் படமானது. ஜப்பானியர் போர்க் கைதிகளையும் கூலிகளையும் வைத்துப் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து)-பர்மா மரண ரயில்பாதைதான் கதைக்களம். பிரிட்டிஷ் கைதிகளின் மானமும் பிடிவாதமும்தான் படம். அந்த 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த நேச நாட்டுக் கைதிகள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போலப் பல மடங்கு செத்தார்கள், அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்கள் ஏராளம். அவர்கள் சிப்பாய்கள் இல்லைதான். ஆனால் போர் அவர்கள் முதுகின் மேல் ஓடியது. உலகம் அந்தப் பாதையை நினைவு வைத்திருப்பது இந்தப் படத்தின் வழியாகத்தான் என்பதால் அந்த விடுபடல் எனக்கு ஆறுவதில்லை.

புனிதராக்கிவிடுவது

விடுபட்டவர்களைத் திரும்பக் கொண்டுவரும்போது அவர்களை அப்பழுக்கற்ற தியாகிகளாக்கும் ஆசை வரும். பட்டாளத்துக்குப் போனவர்கள் எதற்காகப் போனார்கள்? சம்பளம், பஞ்சம், குடும்பக் கடன், ஊரை விட்டுக் கிளம்ப ஒரு வழி. பர்மாவில் ஒரு பக்கம் பிரிட்டிஷ் சீருடையில் தமிழ்ச் சிப்பாய்கள். மறுபக்கம் நேதாஜியின் படையில் மலாயாத் தமிழர்கள். ஜான்சி ராணி ரெஜிமென்ட்டில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இதில் ஒருவரைத் துரோகி என்றும் மற்றவரைத் தேசபக்தர் என்றும் முத்திரை குத்தினால் கதை முடிந்துவிடும். பயந்தவர், திருடியவர், ஓடிப்போக நினைத்தவர் எல்லாரும் இருக்கட்டும். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குத் திரையில் எப்போதும் அந்த உரிமை இருந்திருக்கிறது.

எதிரிக்கும் இது பொருந்தும். ‘லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா’ (2006) என்ற அமெரிக்கப் படம், அன்றைய எதிரிகளான ஜப்பானியரின் பக்கமிருந்து, ஜப்பானிய மொழியிலேயே எடுக்கப்பட்டது. அதில் வரும் ரொட்டிக்கடைக்காரச் சிப்பாய் சாக விரும்பாதவர். அவ்வளவுதான் அவர் வீரம்.

எங்கே தேடுவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடு. இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். யாங்கோனுக்கு வெளியே தௌக்யானில் உள்ள நினைவிடத்தில் மட்டும், கல்லறை தெரியாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் இருக்கின்றன. தேடும் பெட்டியில் நம் பக்கத்துப் பெயர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். படை எண், பதவி, இறந்த தேதி வரும். பல பதிவுகளில் அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கும்: இன்னார் மகன், இன்னார் கணவர், இந்தக் கிராமம், இந்த மாவட்டம். அந்தக் கிராமத்துக்கு இன்றைக்கும் பஸ் போகும். ஸ்கிரிப்டை மூடி வைத்துவிட்டு முதலில் அங்கே போய் வாருங்கள்.